ஓடாத 23 மணித்தியாலங்கள்: சாம்பல்தீவின் ஓட்டக்காரர்களும் அவர்களுடைய சோறும் தூக்கமும்

2024 மார்ச் மாதம் அம்பாறை மாவட்டத்தின் திருக்கோவிலில் பாடசாலை மரதன் ஓட்டத்தில் பங்குபற்றிய 16 வயது மாணவன் ஒருவன் சுகவீனமுற்று, வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப்பட்ட பின் உயிரிழந்தான். ஊர் மக்கள் நியாயம் கேட்டு வீதிக்கு இறங்கினார்கள். அந்த மரணத்துக்கு யார் பொறுப்பு என்று தீர்ப்புச் சொல்வது இந்தக் கட்டுரையின் வேலை அல்ல. ஆனால் வடக்கிலும் கிழக்கிலும் ஒவ்வொரு ஆண்டும் தை தொடங்கி பங்குனி வரை இல்ல மெய்வல்லுநர் போட்டிகள் நடக்கின்றன. பல பிள்ளைகள் அந்த ஒரு நாளுக்காக மட்டும் ஓடுகிறார்கள். முதல் நாள் இரவு என்ன சாப்பிட்டார்கள், எத்தனை மணிக்குப் படுத்தார்கள், காலையில் தண்ணீர் குடித்தார்களா என்று யாரும் கேட்பதில்லை.

திருகோணமலை நகரில் இருந்து நிலாவெளி வீதியால் வடக்கே போனால், உப்புவெளியைத் தாண்டி வருவது சாம்பல்தீவு. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு, நடுவில் மணலும் பனையும் வீடுகளும். யுத்தத்தில் பலமுறை இடம்பெயர்ந்து திரும்பிய ஊர். 2004 சுனாமியும் இந்தக் கரையை விடவில்லை. இங்கே விடியப்புறம் ஓடும் சிறு குழு ஒன்று இருக்கிறது. பாடசாலைப் பிள்ளைகள் ஐந்தாறு பேர், தோணியில் போகும் இளைஞர் இருவர், நாற்பது கடந்த ஒரு அண்ணர். கழகம் என்று பதிவு கிடையாது, பயிற்றுநரும் கிடையாது. நான் சில மாதங்களாக அவர்களோடு கதைத்து வருகிறேன். அவர்கள் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டதால் போடவில்லை. கீழே எழுதியிருப்பது அவர்கள் கேட்ட கேள்விகளும், விளையாட்டு மருத்துவம் அவற்றுக்குச் சொல்லும் பதில்களும். ஓடுவது ஒரு நாளில் ஒரு மணித்தியாலம். மிச்சம் 23 மணித்தியாலத்தைப் பற்றித்தான் அவர்கள் கூடுதலாகக் கேட்டார்கள்.

வெயிலும் தண்ணீரும்

நம் ஊரில் கச்சான் என்றால் இரண்டு. ஒன்று வறுத்துத் தின்பது, மற்றது வறுத்தெடுப்பது. ஆனி, ஆடி மாதங்களில் மேற்கே இருந்து தரை மேலாக வரும் கச்சான் காற்று வேர்வையை உடனே உலர்த்திவிடும். வேர்க்கவில்லை என்று ஓடுபவர் நினைப்பார். உண்மையில் உடம்பு தண்ணீரை இழந்துகொண்டே இருக்கும். மற்ற மாதங்களில் கடலோர ஈரப்பதன் வேறு விதமாகச் சோதிக்கும். வேர்வை வழியும், ஆனால் ஆவியாகாது, அதனால் உடம்பு குளிராது.

எவ்வளவு குடிக்க வேண்டும் என்பதற்கு ஒரு எளிய வழி உண்டு. ஓடுவதற்கு முன்னும் பின்னும் நிறுத்துப் பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறக்குறைய ஒரு லீற்றர் தண்ணீர். 50 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு ஒரு கிலோ குறைந்தால் அது உடல் எடையில் 2 வீதம். அந்த அளவைத் தாண்டும்போது வேகம் விழத் தொடங்கும், வெயிலில் ஆபத்தும் கூடும். வீட்டில் தராசு இல்லையென்றால் சிறுநீரின் நிறத்தைப் பாருங்கள். பிளேன்ரீ நிறத்தில் போனால் தண்ணீர் போதவில்லை. அதற்காக ஒரே மூச்சில் லீற்றர் கணக்கில் குடிப்பதும் கூடாது. வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய், தலைவலி, வாந்தி, மயக்கம் என்று போய், உயிராபத்து வரைக்கும் கொண்டுபோகும்.

வேர்வையில் போவது தண்ணீர் மட்டும் இல்லை, உப்பும்தான். குழுவில் பிள்ளைகள் இளநீர் போதும் என்று நம்பியிருந்தார்கள். இளநீர் நல்லதுதான். ஆனால் அதில் பொட்டாசியம் கூட, சோடியம் குறைவு. வேர்வையில் கூடுதலாகப் போவது சோடியம். எனவே இளநீரோடு ஒரு சிட்டிகை உப்பு, அல்லது உப்புப் போட்ட தேசிக்காய்த் தண்ணீர், அல்லது கடையில் விற்கும் ஜீவனிப் பொதி. கடைக்குப் போக முடியாவிட்டால் ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் மட்டமாக 6 தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. வயிற்றோட்டத்துக்கு நாங்கள் சின்ன வயதில் குடித்த அதே கரைசல். விளம்பரத்தில் வரும் நிறத் தண்ணீர்ப் போத்தலுக்கு 5 கிலோமீற்றர் ஓடுகிற பிள்ளை காசு கொடுக்கத் தேவையே இல்லை.

வெப்பத்துக்கு உடம்பு பழக 10 முதல் 14 நாள் வேண்டும். பழகிய உடம்பு விரைவாக வேர்க்கும், வேர்வையில் உப்பைக் குறைவாக விடும். ஆண்டு முழுக்க ஓடாத பிள்ளையைப் போட்டிக்கு முதல் நாள் பெயர் பதிந்து ஓடவிடுவது ஏன் ஆபத்து என்பது இதில் தெரியும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நான் பார்த்த ஒரு போட்டியில், ஏழு மணிக்குத் தொடங்க வேண்டிய மரதன் பிரதம அதிதி வரும்வரை காத்திருந்து ஒன்பது மணிக்குத் தொடங்கியது. அந்த இரண்டு மணித்தியாலமும் பிள்ளைகள் வெயிலில், வெறும் வயிற்றில் நின்றார்கள். அதிதி வரும் முன்னரே மரதனை முடித்துவிட்டால் யாருடைய மரியாதையும் குறையாது. பரிசை அவர் வந்து கொடுக்கட்டும்.

ஓடிக்கொண்டிருக்கும் ஒருவர் தள்ளாடினால், சம்பந்தம் இல்லாமல் கதைத்தால், கோபப்பட்டால், விழுந்தால், அது வெப்பத் தாக்கமாக இருக்கலாம். அப்போது உள்ளுடல் வெப்பம் 40 பாகை செல்சியசுக்கு மேல் போயிருக்கும். இதில் ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. உலக அளவில் விளையாட்டு மருத்துவர்கள் சொல்லும் ஒழுங்கு இதுதான்: முதலில் குளிரவை, பிறகு ஏற்று. நிழலுக்குத் தூக்கி, சட்டையைக் கழற்றி, கிணற்றுத் தண்ணீரோ ஐஸ் தண்ணீரோ தலையில் இருந்து கால்வரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பெரிய தொட்டி இருந்தால் தலை வெளியே இருக்கும்படி பிடித்துக்கொண்டு கழுத்துவரை அமிழ்த்தலாம். நினைவு தடுமாறியவருக்கு வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, புரையேறும். ஒருவர் தண்ணீர் ஊற்றும்போதே மற்றவர் 1990 சுவசெரிய அம்புலன்சுக்கு அழைக்க வேண்டும். அது இலவசம். மரதன் பாதையில் தண்ணீர் பீப்பாவோடு ஒரு ஆட்டோ பின்னால் போவதற்கு எந்தப் பாடசாலைக்கும் பெரிய செலவு வராது.

தட்டில் என்ன இருக்கிறது

குழுவில் ஒரு மாணவி இருக்கிறாள். 17 வயது, 1,500 மீற்றரில் வலய மட்டம் வரை போனவள். கடந்த ஆண்டு அவளுடைய நேரம் கூடிக்கொண்டே போனது. படி ஏறினால் மூச்சு வாங்கியது. சோம்பல் என்று வீட்டில் ஏச்சு. அவளுடைய அம்மம்மாதான், "பிள்ளையின்ர கண் இமையை இழுத்துப் பாருங்கோ, வெள்ளையாக் கிடக்கு" என்று சொன்னவர். அரச வைத்தியசாலையில் இரத்தம் சோதித்தபோது ஹீமோகுளோபின் 9.6. இந்த வயதுப் பெண்ணுக்கு அது 12க்குக் குறையக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. ஆண்களுக்கு 13.

ஓடுபவருக்கு இரும்புச்சத்து ஏன் முக்கியம் என்றால், தசைக்கு ஒட்சிசனைக் கொண்டுபோவது ஹீமோகுளோபின், அதைச் செய்ய இரும்பு வேண்டும். மாதவிடாயில் இரும்பு போகிறது, வேர்வையில் கொஞ்சம் போகிறது, வயிற்றில் கொழுக்கிப் புழு இருந்தால் அதுவும் உறிஞ்சுகிறது. போகிற அளவுக்கு உள்ளே வருகிறதா என்பதுதான் கேள்வி. அந்த வீட்டில் கீரை சமைப்பார்கள், பயறு அவிப்பார்கள், மீனும் கிடைக்கும். ஆனால் மூன்று வேளையும் சாப்பாட்டோடு தேத்தண்ணி. தேயிலையில் உள்ள தனின் கீரை, பயறு, தானியங்களில் இருக்கும் இரும்பைப் பிடித்துக்கொண்டு, உடம்பு எடுக்கக்கூடிய அளவைப் பாதிக்கு மேல் குறைத்துவிடும். தேத்தண்ணியை விடச் சொல்லி நம் ஆட்களிடம் கேட்க முடியாது. சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடித்தால் போதும். முருங்கையிலை வறையை அடுப்பில் இருந்து இறக்கிய பிறகு தேசிக்காய் பிழிந்தால் அதில் உள்ள விற்றமின் சி இரும்பை உறிஞ்சுவதற்கு உதவும். அடுப்பில் இருக்கும்போதே பிழிந்தால் சூட்டில் விற்றமின் குறைந்துவிடும். வைத்தியர் அவளுக்கு இரும்பு மாத்திரையும் பூச்சி மருந்தும் கொடுத்தார். மாத்திரையை வைத்தியர் சொல்லாமல் தானாக வாங்கி விழுங்கக் கூடாது, கூடினாலும் கெடுதல்.

2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு பல வீடுகளில் முதலில் குறைந்தது முட்டையும் பால்மாவும். எனவே விலை கூடிய பட்டியல் எதையும் நான் இங்கே போடப் போவதில்லை. ஓடுபவருக்கு ஒரு நாளைக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 1.2 முதல் 1.6 கிராம் வரை புரதம் போதும். 50 கிலோ எடைக்கு 60 முதல் 80 கிராம். நூறு கிராம் மீனில் ஏறக்குறைய 20 கிராம் இருக்கிறது. ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு கோப்பை அவித்த பயறில் 14 கிராம் அளவில். சூடை, கீரி, நெத்தலி போன்ற சின்ன மீன்கள் மலிவு. முள்ளோடு சாப்பிட்டால் கல்சியமும் சேரும். அறக்குளாதான் சத்து என்று நினைப்பது விலையைப் பார்த்து வரும் மயக்கம். குரக்கனிலும் எள்ளிலும் கல்சியம் நிறைய. எள்ளுருண்டை ஒன்று ஓடிவிட்டு வந்தவுடன் கைக்கு எட்டக்கூடிய மிகச் சிறந்த பண்டம்.

ஓடுவதற்கான எரிபொருள் மாச்சத்து. உடற்பயிற்சி நிலையங்களில் சோற்றை விடச் சொல்வது இப்போது வழக்கமாகிவிட்டது. மெலிய விரும்பும் கந்தோர்க்காரருக்கு அது பொருந்தலாம், வாரத்துக்கு 50 கிலோமீற்றர் ஓடும் 17 வயதுப் பிள்ளைக்குப் பொருந்தாது. உலகின் தலைசிறந்த மரதன் வீரர்களில் ஒருவரான கென்யாவின் எலியூட் கிப்சோகே தின்பது சோளமாவில் கிண்டிய உகாலி. நம் புட்டுக்கு ஒன்றுவிட்ட சகோதரம் என்று சொல்லலாம். விடியப்புறம் ஓடும்போது ஒரு கதலி வாழைப்பழமும் பனங்கட்டியோடு வெறுந்தேத்தண்ணியும் போதும். ஓடி முடித்து ஒரு மணித்தியாலத்துக்குள் சிவப்பரிசிப் புட்டும் பயறும், அல்லது இடியப்பமும் சொதியும் மீனும். தோணிக்குப் போகும் இருவரும் பழஞ்சோற்றில் தயிர், வெங்காயம், உப்பு போட்டுக் கரைத்துக் குடிக்கிறார்கள். மாச்சத்து, தண்ணீர், உப்பு மூன்றும் ஒரே கோப்பையில் வருவதால் அதில் திருத்துவதற்கு எனக்கு ஒன்றும் இல்லை.

விரதம் பற்றியும் கேட்டார்கள். சல்லி அம்மன் கோயில் பொங்கல், கந்தசஷ்டி, கேதாரகௌரி விரதம் என்று ஆண்டில் பல நாட்கள் இங்கே பிள்ளைகளும் உபவாசம் இருப்பார்கள். நம்பிக்கையை விட்டு ஓடு என்று நான் சொல்ல மாட்டேன். அந்த நாட்களில் கடும் பயிற்சி வேண்டாம், மாலையில் விரதம் முடிக்கும் நேரத்துக்குச் சற்று முன் மெதுவாக ஓடினால் உடனே தண்ணீரும் உணவும் சேரும். நோன்பு காலத்தில் முஸ்லிம் ஓட்டக்காரர்கள் பலர் இப்படித்தான் செய்கிறார்கள்.

மாதவிடாய் நின்றுபோவதைச் சில பெண் பிள்ளைகள் கடும் பயிற்சியின் அடையாளமாக எடுத்துக்கொள்கிறார்கள். அது எச்சரிக்கை. செலவாகும் சக்திக்கு ஏற்ற உணவு உள்ளே போகாதபோது உடம்பு முதலில் நிறுத்துவது இதைத்தான், அடுத்து எலும்பு மெலியும். சர்வதேச ஒலிம்பிக் குழு 2014 முதல் இதைத் தனி நோய்நிலையாகவே பேசி வருகிறது. மூன்று மாதம் வராவிட்டால் வைத்தியரிடம் போக வேண்டும். அம்மாமார் இதை மகளிடம் கேட்க வெட்கப்படத் தேவையில்லை.

புரதப் பொடி பற்றி ஒரே வரி: அரச ஊக்கமருந்துத் தடுப்பு நிறுவனம் மாகாண, தேசிய மட்ட வீரர்களைச் சோதிக்கலாம், டப்பாவில் எழுதாத பொருள் உள்ளே இருந்தாலும் தண்டனை குடித்தவருக்குத்தான்.

தூக்கம்

2011இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் 11 கூடைப்பந்து வீரர்களைச் சில வாரங்கள் இரவில் குறைந்தது 10 மணித்தியாலம் படுக்கையில் இருக்கச் செய்தார்கள். அவர்களுடைய குறுந்தூர ஓட்ட வேகம் கூடியது, பந்து வீச்சின் துல்லியம் 9 வீதம் கூடியது. 2014இல் வெளிவந்த வேறொரு ஆய்வில், 8 மணித்தியாலத்துக்குக் குறைவாகத் தூங்கிய பதின்வயது வீரர்களுக்குக் காயம் ஏற்படும் வாய்ப்பு மற்றவர்களை விட 1.7 மடங்கு இருந்தது. தசை திருந்துவதும் வளர்ச்சிக்கான ஓமோன் சுரப்பதும் பெரும்பாலும் ஆழ்ந்த தூக்கத்தில். விடிய 4.45க்கு எழும்ப வேண்டிய பிள்ளை இரவு 11 மணிவரை கைத்தொலைபேசி பார்த்தால் கணக்கு உதைக்கும். ஒன்பது மணிக்கு நுளம்பு வலைக்குள் போக முடியாத வீடு என்றால், விடியப்புற ஓட்டத்தைப் பின்னேரத்துக்கு மாற்றுவதே நல்லது.

இந்த இடத்தில் நம் ஊர் ஸ்டான்போர்ட் அல்ல என்பது ஞாபகம் வருகிறது. நாற்பது கடந்த அந்த அண்ணர் இரவில் மூன்று மணித்தியாலத்துக்கு மேல் தொடர்ச்சியாகத் தூங்கியதில்லை. "கண்ணை மூடினா செல் சத்தம்தான் தம்பி. அதான் எழும்பி ஓடுறன்" என்றார். ஓடத் தொடங்கிய பின் ஐந்து மணித்தியாலம் வரை வருகிறதாம். தொடர்ச்சியான உடற்பயிற்சி மனச்சோர்வையும் பதற்றத்தையும் குறைக்கும் என்பதற்கு நிறைய ஆய்வுகள் இருக்கின்றன. ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. வேகமாக ஓடும்போது நெஞ்சு அடிப்பதும் மூச்சு வாங்குவதும் பயத்தில் ஓடிய நாட்களின் உடல் உணர்வோடு ஒத்தது. சிலருக்கு அதுவே பழைய நினைவைக் கிளறும். அவர்கள் நடையில் தொடங்கி, ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, கதைத்துக்கொண்டே ஓடலாம். கனவும் திடுக்கிடலும் விடாவிட்டால் மாவட்டப் பொது வைத்தியசாலையின் மனநலப் பிரிவு இருக்கிறது, 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கமும் இருக்கிறது. தூக்கத்துக்காகச் சாராயம் எடுப்பவர்களுக்கு: அது படுத்தவுடன் தூக்கத்தைத் தரும், நடுச்சாமத்தில் அதைப் பறித்துவிடும். உடம்பில் செல் துண்டு இருப்பவர்கள் கடும் பயிற்சிக்கு முன் ஒருமுறை வைத்தியரிடம் காட்டிக்கொள்ளுங்கள், முக்கியமாக அது மூட்டுக்கோ முதுகெலும்புக்கோ நெஞ்சுக்கோ கிட்ட இருந்தால்.

பின்னேர ஓட்டத்தைப் பற்றிப் பேசும்போது ஒரு தாய் குறுக்கிட்டார். "ஆறு மணிக்குப் பிறகு கடற்கரைப் பக்கம் விடமாட்டன்." 2006 ஜனவரி 2ஆம் திகதி திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அந்தத் தாய்க்கு அப்போது இருபது வயது. அவரிடம் பயிற்சி அட்டவணையை நீட்டிக் கதைப்பதில் பயனில்லை. பிள்ளைகள் பின்னேரம் நான்கரைக்குத் தொடங்கி, ஐந்தரைக்கு வீட்டுக்கு வந்துவிடும்படி நேரத்தை மாற்றிக்கொண்டார்கள். வெயில் கொஞ்சம் கூடத்தான். ஆனால் அம்மா வாசலில் நின்று தவிக்கும் ஓட்டம் நீடிக்காது.

மெதுவாக ஓடுவதும் ஓடாமல் இருப்பதும்

குழுவில் எல்லாரும் எல்லா நாளும் போட்டி போலவே ஓடினார்கள். கிப்சோகே பயிற்சி எடுக்கும் கப்டகட் முகாமில் வாரத்தில் மூன்று நாட்கள்தான் கடும் பயிற்சி, மற்ற நாட்களில் அவரே வியக்கும்படி மெதுவாக ஓடுவார். முகாமில் கழிவறை கழுவும் முறையும் அவருக்கு உண்டு. நமக்குத் தேவையான அளவுகோல் எளிது: மெதுவான நாளில் பக்கத்தில் ஓடுபவரோடு முழு வசனம் கதைக்க முடிய வேண்டும். வாரத்தில் ஒரு நாள் முழு ஓய்வு. தூரத்தை வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். காய்ச்சல் என்றால் ஓட்டம் இல்லை. டெங்கு வந்து போனவர்கள் வைத்தியர் சொல்லும்வரை நடையோடு நிற்க வேண்டும்.

கடற்கரை மணலில் ஓடினால் கால் பலக்கும் என்பது உண்மை, கரை சரிவு என்பதும் உண்மை. ஒரே திசையில் ஓடினால் ஒரு கால் எப்போதும் பள்ளத்தில். போன தூரம் அதே கரையால் திரும்பி வாருங்கள். வீதியில் ஓடும்போது வலது பக்கமாக, எதிரே வரும் வாகனத்தைப் பார்த்தபடி ஓட வேண்டும். நிலாவெளி வீதியில் சுற்றுலா வான்கள் விடியப்புறமும் வேகம்தான், வெள்ளைச் சட்டை போடுங்கள். நாய் கடித்தால் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு அன்றே வைத்தியசாலை. சப்பாத்து விலையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 1960 ரோம் ஒலிம்பிக்கில் அபேபே பிகிலா வெறுங்காலுடன் மரதன் வென்றார், ஆனால் அவர் அப்படியே பழகியவர். இரண்டாம் கைச் சப்பாத்து வாங்கினால் குதிப்பக்கம் ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். தேய்ந்திருந்தால் வாங்க வேண்டாம்.

வயது போய்விட்டது என்று ஒதுங்கி நிற்பவர்களுக்கு ஒரு செய்தி. 2023 நவம்பரில் பிலிப்பைன்சில் நடந்த ஆசிய மூத்தோர் தடகளப் போட்டியில் முல்லைத்தீவு முள்ளியவளையைச் சேர்ந்த அகிலத்திருநாயகி தன் 72ஆவது வயதில் 1,500 மீற்றர் ஓட்டத்திலும் 5,000 மீற்றர் வேகநடையிலும் தங்கம் வென்றார். 800 மீற்றரில் வெண்கலம். சாம்பல்தீவில் அந்தச் செய்தியை எனக்குக் காட்டியது, கண் இமையை இழுத்துப் பார்த்த அதே அம்மம்மா. கைத்தொலைபேசியில் படத்தைச் சேமித்து வைத்திருக்கிறார்.

பேத்தியின் ஹீமோகுளோபின் மூன்று மாதத்தில் 11.4க்கு வந்திருக்கிறது. மாத்திரை தொடர்கிறது, தேத்தண்ணி இப்போது பத்து மணிக்கு. அடுத்த பரிசோதனை முடியும்வரை வேக ஓட்டம் வேண்டாம், மெதுவாக ஓடலாம் என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார்.